வலது முட்டியும் நடுக்கோடும்

சாத்தூரில் ஒரு கபடிப் போட்டி. ‘கபடி கபடி’ என்று பாடிப் போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது என் வலது முட்டிக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. யாரும் பிடிக்கவில்லை, இடிக்கவில்லை. பாதம் மண்ணில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பியது. விழுந்து நடுக்கோட்டைத் தொட்டேன். பிறகு சிரித்துக்கொண்டே எழுந்து நின்றேன்.

அந்தச் சிரிப்பில்தான் வந்தது வினை. எந்தக் காலில் அடி என்று தெரிந்தால் எதிரணி அடுத்த முறை அந்தக் காலைத்தான் பிடிக்கும். ஆகவே நாங்கள் யாரும் நொண்ட மாட்டோம். ஒரு கம்பெனி அணிக்காகச் சம்பளத்துக்கு ஆடியவள் நான். செத்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாத ஜென்மம்.

மறுநாள் முட்டி வீங்கிவிட்டது. பக்கத்து மருத்துவர் கீழ்க்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. ஜவ்வு நன்றாக இருக்கிறது, ஓய்வெடுத்தால் போதும் என்றார். வீக்கம் வடிந்ததும் ஆடப் போனேன். எதிரணிக்குள் பாடிப் போன முதல் பாட்டிலேயே முட்டி கழன்று மண்ணில் உருண்டேன். இந்த முறை சிரிக்க முடியவில்லை.

மதுரையில் ஓர் எலும்பு மருத்துவரிடம் என் கணவர் கூட்டிப் போனார். அந்த மருத்துவரும் அதேபோல் இழுத்துப் பார்த்தார். கால் அசையவில்லை. என்ன வேலை என்று கேட்டார். கபடி என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பின்தொடையை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்கம்மா. நான் எதிர் டீம் இல்ல. விடுங்க.”

சத்தியமாக நான் இறுக்கியது எனக்கே தெரியாது. மூச்சை விட்டுத் தொடையைத் தளர்த்தினேன். கீழ்க்கால் மேசை இழுப்பறை போல முன்னால் வந்தது.

முன்சிலுவைத் தசைநார் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே கட்டிப் பிடிக்கும் ஜவ்வு) முழுதாக அறுந்திருந்தது. அதோடு ஆடியதில் முட்டியின் குருத்தெலும்பு வட்டும் (இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போல இருப்பது) கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தால் நன்றாக நடக்கலாம், கபடி மட்டும் வேண்டாம் என்றார் மருத்துவர்.

ஊர் திரும்பும் பேருந்தில் சிவகாசி வரும்வரை அழுதேன். கபடியை எடுத்துவிட்டால் நான் யார்? அச்சகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் அதிகம் பேசாதவர். விருதுநகர் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

“நான் என்ன, உன் முட்டியவா கட்டிக்கிட்டேன்? கபடி உன் மண்டைக்குள்ளயும்தான இருக்கு, புள்ள.”

அன்று அந்தப் பேச்சு எரிச்சலைத்தான் கிளப்பியது.

சிகிச்சை முடிந்து இயன்முறைப் பயிற்சி (தசையைப் பழையபடி வேலை செய்ய வைக்கும் பயிற்சி) தொடங்கியது. முதல் பாடமே, படுத்தபடி முன்தொடையை இறுக்குவதுதான். சொல்லாமலே இறுகிக் கிடந்த கால், கெஞ்சிக் கேட்டும் அசையவில்லை. இதை வாசிக்கிற நீங்களும் அந்தக் கட்டத்தில் இருந்தால் பயப்படாதீர்கள். ஒருநாள் காலை அந்தச் சதை லேசாகத் துடித்தது. கத்திக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கைத்தடியை விட்ட சமயம், தாயில்பட்டியிலிருந்து பேச்சியம்மாள் வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் சேர்ந்து வைத்திருந்த அணிக்கு அவள்தான் கேப்டன். பயிற்சி கொடுக்க வரச் சொன்னாள். வர முடியாது, இந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று விரட்டப் பார்த்தேன்.

“நீங்க ஆட வேண்டாங்க்கா. வந்து உக்காந்து ஏசுங்க, போதும்.”

ஏசுவதில் எனக்கு ஈடு இல்லை என்பது ஊருக்கே தெரியும். போனேன்.

பயிற்சிக்கு முன் எல்லாரையும் உட்காரவைத்து, யாருக்கு எங்கே வலி என்று கேட்டேன். எல்லாரும் “ஒண்ணுமில்லக்கா” என்றார்கள். பட்டாசு சீசனில் முடியவில்லை என்று சொன்னால் கம்பெனியில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அந்தப் பயம் ஆடுகளம்வரை வந்திருந்தது. சரி என்று என் முட்டியின் கதையை ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். அதன் பிறகுதான் ஒருத்தி தோளைச் சொன்னாள். இன்னொருத்தி இடுப்பைச் சொன்னாள். அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. வெளியே யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்குச் சொன்னால் போதும்.

பொங்கலுக்கு இருக்கன்குடிப் பக்கம் நடந்த போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். கடைசிப் பாட்டு எங்களுடையது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பேச்சியம்மாள் போவாள் என்று ஊரே எதிர்பார்த்தது. அவள் இடைவேளை கேட்டு, முகம் மாறாமல் என்னிடம் வந்தாள்.

“அக்கா, கணுக்கால் பிசகிருச்சு. நான் போனா பிடிச்சிருவாக. வீரலட்சுமிய விடுங்க.”

கோப்பையை வாங்கித் தரும் பாட்டை ஒருத்தி தானாக விட்டுக்கொடுத்ததை என் ஆட்டக் காலத்தில் நான் கண்டதில்லை. பேச்சியம்மாளுக்காக அணை கட்டி நின்ற எதிரணி, குள்ளமான வீரலட்சுமியைப் பார்த்துத் திகைத்தது. அவள் குனிந்து புகுந்து இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினாள். ஜெயித்துவிட்டோம்!

எழுந்தேன். முன்பெல்லாம் என் காலம் ஒரு மூச்சுக்குள் அடங்கும். அதற்குள் ஓடிப்போய்த் திரும்பிவிட வேண்டும். இன்று நொண்டி நொண்டி, ஆடுகளத்தின் குறுக்கே நடந்தேன். கோப்பை தருகிறவர் மேடையிலிருந்து இருமுறை கூப்பிட்டுவிட்டார். “இருங்கய்யா, எங்க அக்கா வரட்டும்” என்றாள் வீரலட்சுமி. என் ஆட்களில் ஒருத்தியும் நகரவில்லை.