பெஞ்சுக்கு மேலே தொங்கிய விளக்கு

நாடகக் கலை படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. விழுப்புரம் கல்லூரியில் நான் கேட்ட பாடம் கிடைக்கவில்லை, நாடகத் துறையில் இடம் இருந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைதான் விளைச்சல். காலையில் அப்பா என்னை வண்டியில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவார். "நாடகம்னா நீ மேடையில ஏறி நடிக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டார். "லைட்டு, செட்டு, துணிமணி எல்லாமே பாடந்தான்பா" என்று சொல்லித் தப்பித்தேன். நடிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம்.

முதல் நடிப்பு வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவரையாக முன்னால் அழைத்து, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லச் சொன்னார். அவ்வளவுதான் பயிற்சி. நான் கேப்பைக் கூழ் குடித்துவிட்டு வந்திருந்தேன். அந்த இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை. எதிரே இருந்த முகங்கள் கலங்கிக் கலங்கித் தெரிந்தன. "சரிம்மா, போய் உக்காரு" என்றார் ஆசிரியை.

எனக்கு அடுத்து எழுந்தவள் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண். இட்லியும் மீன்குழம்பும் சாப்பிட்டதை அவள் சொன்னபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அலைச் சத்தத்துக்கு மேல கத்திப் பேசியே பழகிட்டோம்" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து என் தோழி. நடிப்புத் தேர்வு வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே காத்திருப்பாள். "உன் கை ஏண்டி ஐஸ் மாதிரி கீது?" என்று கேட்பாள்.

மேடைத் தயாரிப்புப் பாடம் தொடங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பக்கத்திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே நாடகத்தில் இருக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. யார் எப்போது உள்ளே போக வேண்டும், எந்தச் சொல்லுக்கு விளக்கு மாற வேண்டும் என்று சொல்லும் மேடை நிர்வாகி வேலை எனக்குக் கிடைத்தது. யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள்.

கடைசி வருட நாடகத்தை நாங்களே எழுதினோம். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பஸ் நிறுத்தம். மகன் வரப்போகும் பஸ்ஸுக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள். யார் வந்து கூப்பிட்டாலும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். தாயாக என் தோழி நடித்தாள். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், மதிய நேரத்தில், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி நடத்தினோம். பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தோழியின் அம்மாவும் ஊரிலிருந்து வந்து முன்வரிசை நாற்காலியில் இருந்தார்.

நாடகத்தின் நடுவில், பெஞ்சைச் சுற்றி விழுந்திருந்த வெளிச்ச வட்டம் கொஞ்சம் நகர்ந்தது. எனக்குத்தான் கண் கூசுகிறது என்று நினைத்தேன். மறுபடி நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இரும்புக் குழாயில் விளக்கைப் பிடித்திருந்த கிளாம்ப் வாய் பிளந்திருந்தது. கழன்றால் தாங்கிப் பிடிக்க வேண்டிய சங்கிலி ஒரு பக்கம் மட்டும் மாட்டியபடி சும்மா தொங்கியது. ஒரு ஆள் தூக்கத் திணறும் விளக்கு. நேர் கீழே தோழியின் தலை.

உடம்பு முழுக்க வேர்த்தது. விளக்குகளை இயக்கும் பலகையில் இருந்தவனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. எல்லாரும் போனை அணைத்துவையுங்கள் என்று சொன்னதே நான்தான். கத்தினால் பிள்ளைகள் எழுந்து இருட்டில் வாசலுக்கு ஓடுவார்கள். திரை தொங்குவதும் அதே குழாயில்தான், இழுத்தால் ஆடும். வேறு வழி தெரியவில்லை. நான் மேடைக்குள் நடந்தேன்.

எப்படி நடந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி விழித்தாள்.

"அக்கா, பஸ் அந்தாண்ட நிக்குதாம். எழுந்து வாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவளோ தாயாகவே இருந்தாள். "என் புள்ள இங்கதான் எறங்குவான். நான் வர்ல. நீ போம்மா."

பிள்ளைகள் சிரித்தார்கள். மேலே கிறீச்சென்று ஒரு சத்தம்.

"புள்ள அங்கதான் எறங்கிக்கினு இருக்கான். ஜல்தி வாக்கா."

"அவன் வந்தா என்னத் தேடுவான். நான் எங்கியும் வர்ல." பெஞ்சின் விளிம்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நன்றாக நடித்தாள். எனக்கு அழுகை முட்டியது.

அவள் கையைப் பிடித்தேன். பிடித்ததும் அவள் முகம் மாறியது. என் கை அவளுக்குத் தெரியும். இது நாடகம் இல்லை என்று அந்தக் கை சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் எழுந்தாள். நான் இழுத்த வேகத்தில் இருவரும் பக்கத்திரையில் போய் மோதினோம்.

விளக்கு சரிந்தது. தரையைத் தொடவில்லை, மின்கம்பியில் மாட்டிக்கொண்டு பெஞ்சுக்கு ஒரு சாண் மேலே ஆடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதுவும் நாடகம் என்று நினைத்திருக்கிறார்கள்.

யாரோ திரையை இழுத்தார்கள். ஆசிரியை ஓடிவந்து, ஆடிக்கொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். மேடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

முகம் கழுவிவிட்டு வந்தபோது தோழியின் அம்மா என்னிடம் வந்தார். "பெத்தவ புள்ளைக்காகக் காத்துக்கினு இருக்கா. அவளப் போயி அப்படி இழுத்துக்கினு போனியே, உனக்கு மனசு வந்துச்சா?" என்று நிஜமான கோபத்தோடு கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நகர்ந்ததும் தோழி காதோரம் சொன்னாள்: "அது நெஜம்னு அம்மாகிட்ட சொல்லிடாத. அப்புறம் நாடகத்துக்கே அனுப்பாது."

அடுத்து நாடகம் போட்டது விழுப்புரத்தில். இந்த முறை நானே ஏணியில் ஏறினேன். கீழே பார்க்காமல், ஒவ்வொரு கிளாம்பையும் முறுக்கி, ஒவ்வொரு சங்கிலியையும் இழுத்துப் பார்த்தேன். இறங்கியதும் சரியாகத்தான் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடி ஏறினேன். நடிக்க வருகிறாயா, தாயை எழுப்ப வரும் அந்தப் பாத்திரத்தை நாடகத்திலேயே சேர்த்துவிடலாம் என்று ஆசிரியை கேட்டிருந்தார். வேண்டாம் மேடம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று நாடகம் முடிந்ததும் தோழி வேஷத்தைக் கலைக்காமலே என்னிடம் ஓடிவந்தாள்.

"எப்படிடி நடிச்சேன்?"

"தெரியலடி" என்றேன். "நான் மேலயே பாத்துக்கினு இருந்தேன்."