பூசுவது மதினி, கழுவுவது நான்

என் கணவரின் பிடரியில் வட்டமாக ஒரு சொரசொரப்பு விழுந்து, மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. வருஷக்கணக்காகக் கரிசல் வெயிலில் குனிந்து வேலை பார்த்த கழுத்து அது. மதுரையில் தோல் டாக்டரிடம் காட்டப் போன அன்று மகளுக்கு அம்மை போட்டிருந்தது. நான் வீட்டை விட்டு நகர முடியவில்லை. அவருடைய அக்காதான் கூடப் போனார். எனக்கு மதினி. கோவில்பட்டியில் எங்களுக்கு அடுத்த தெரு.

டாக்டர் சொன்னதையெல்லாம் மதினி மனப்பாடமாகக் கொண்டுவந்தார். அப்படியே விட்டால் புற்றாக மாறக்கூடிய தோலாம். எழுதிக் கொடுத்த களிம்பு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அந்த இடத்தில் தூண்டிவிடுமாம், மிச்ச வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளுமாம். குறித்துக் கொடுத்த நாட்களில் மட்டும் படுக்கும் முன் மெல்லிசாகப் பூச வேண்டும். மூடிக் கட்டக் கூடாது. காலையில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிவக்கும், பொருக்குத் தட்டும். வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்தை வாங்கிப் பார்க்கக் கை நீட்டினேன்.

“ஏட்டி, கையைக் கழுவிட்டுத் தொடு,” என்றார் மதினி.

என் கணவருக்குத் தன் பிடரி கண்ணுக்குத் தெரியாது. நான்தான் பூசுவேன் என்று நினைத்திருந்தேன். “டாக்டர் எங்கிட்டதான சொன்னாவ. நானே வந்து போட்டுட்டுப் போறேன்,” என்று மதினி சொல்ல, இந்த மனுஷனும் தலையை ஆட்டினார்.

மருந்து நாளில் சாப்பாடு முடிந்ததும் மதினி வந்துவிடுவார். பூசுவதற்கு ஒரு நிமிஷம், பேச்சுக்கு ஒரு மணி நேரம். அக்காளும் தம்பியும் சின்ன வயசுக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அடுப்படியில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவுவேன். காலையில் அவர் கழுத்தைக் கழுவிவிடுவது மட்டும் என் பங்கு. அப்போது, “சீக்கிரம், பருத்திக் காட்டுக்குப் போகணும்,” என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறெதுவும் வராது.

ஒருநாள் காலையில் பார்த்தால் பிடரியில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. களிம்பு தலையணையில் ஒட்டுகிறது என்று அக்காவிடம் சொன்னாராம், மதினி ஒட்டிவிட்டாராம். துவைப்பது நான், முறையீடு அங்கே. பிரித்துப் பார்த்தேன். தோல் வீங்கி நீர் வடிந்தது. உடம்பு காய்ச்சலாகக் கொதித்தது.

மதினியைக் கூட்டிவந்து காட்டினேன்.

“செவக்கும்னு டாக்டர் சொன்னாவல்லா,” என்றார்.

“மூடக் கூடாதுன்னும் சொன்னாவல்லா, மதினி.”

நானே போன் பூத்துக்குப் போய் டாக்டரிடம் பேசினேன். உடனே கழுவி, ஆறும்வரை நிறுத்தச் சொன்னார். காய்ச்சல் விடாவிட்டால் கூட்டிவர வேண்டும். மறுபடி தொடங்கும்போது, விட்ட நாளுக்கும் சேர்த்து அதிகமாகப் பூசக் கூடாது. இவர் கழுத்தை நினைத்து எனக்கு மனசு பதறியது. மதினியின் கை தப்புப் பண்ணிவிட்டது என்று உள்ளுக்குள் குளிரவும் செய்தது.

காய்ச்சல் விட்டு, புண் ஆறியது. மறுபடியும் மதினியே வந்து பூசினார். பிடரி தேறியதும், “எங்க அக்கா இல்லேன்னா என் கழுத்து என்னாயிருக்கும்,” என்று இவர் போகிற இடமெல்லாம் சொன்னார். கழுவியவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சில வருஷம் கழித்துக் காதுக்கு முன்னால், கன்னத்தில் அதே சொரசொரப்பு. இந்தத் தடவை மதுரைக்கு நான் போனேன். அதே களிம்புதான். கண்ணாடியைப் பார்த்து அவரே பூசிக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

அன்று படுக்கும் முன் இவர் என் எதிரே வந்து உட்கார்ந்து கன்னத்தைத் திருப்பினார்.

“கண்ணாடிதான் இருக்குல்லா,” என்றேன்.

“காலையில எரியாமக் கழுவுத கை ஒன்னோடதுதான். நீயே போடு.”

மறுநாள் விஷயம் தெரிந்து மதினி வந்தார். “எங்கன, பாப்போம்,” என்று தம்பியின் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனார்.

“கையைக் கழுவிட்டுத் தொடுங்க, மதினி,” என்றேன்.