எண் அழிந்த மருதமரம்

ரோடோ கட்டடமோ வரப்போகிற இடத்தில், மனிதர்களைத் தவிர வேறு யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். விசிட்டிங் கார்டில் 'சூழலியல் ஆலோசகர்'. ஊர் வாயில் 'மரம் எண்ணுற சார்'. ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கியவர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

யாருக்கு ரோடு?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை அகலப்படுத்தும் வேலை. ஓரத்து மரம் ஒவ்வொன்றுக்கும் வெள்ளை பெயிண்டில் எண் போட்டேன். எது நிற்க வேண்டும், எது போகலாம் என்பது என் அறிக்கையில் இருக்கும். முப்பத்தெட்டாவது, பெரிய மருதமரம். அதன் பொந்தில் ஒரு கூகை ஆந்தை மூன்று குஞ்சுகளோடு இருந்தது. அதையும் பக்கத்தில் நின்ற முப்பத்தாறு, முப்பத்தேழையும் விட்டுவிட்டு ரோட்டைக் கொஞ்சம் வளைக்கலாம் என்று எழுதினேன். சிவகிரிக்காரரான சைட் இன்ஜினியர் நல்ல மனுஷன். சம்மதித்துவிட்டு, பெருமூச்சோடு கேட்டார்: "ஒங்க லிஸ்ட்ல இருக்க ஆளுக ஒருத்தரும் வண்டி ஓட்டப் போறதில்ல, அவங்களுக்காவ எதுக்கு சார் ரோட்ட வளைக்கணும்?"

பலா அரியும் கத்தி

அந்த மரத்தடியில் சீசனுக்குப் பழக்கடை போடுபவர் மைதீன் பாத்து அக்கா. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். மறுநாள் நான் போனபோது மரத்தில் எண் இல்லை. அக்கா பலா அரியும் கத்தியால் பட்டையைச் சுரண்டி, ஈரமண்ணை அப்பியிருந்தார். மறுபடி எழுதினேன், மறுபடி காணோம். மூன்றாம் தடவை எனக்குக் கோபமே வந்துவிட்டது. இது காப்பாற்றுவதற்கான எண் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்பர் போட்ட மரம் ஒண்ணுகூட இங்கன நின்னு நான் பாத்ததில்ல தம்பி. அந்த ஆந்தை இருக்கப்போயிதான் என் பழத்த எலி தொடாம இருக்கு. அது வீட்டுக்கு நம்பரே வேண்டாம்."

ரம்பம் வந்த காலை

சாரல் பெய்த ஒரு காலையில் அக்காவே போன் செய்தார், மரம் வெட்ட ஆள் வந்துவிட்டார்கள் என்று. பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். வெளியூர் ஆட்கள். என் அறிக்கையை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. எண் போட்டிருந்தாலே வெட்ட வேண்டியதுதான் என்று நினைத்துவிட்டார்கள். முப்பத்தாறும் முப்பத்தேழும் தரையில் கிடந்தன, என் கையெழுத்தோடு. முப்பத்தெட்டை மட்டும் ரம்பக்காரர் இரண்டு தடவை சுற்றிவந்து எண்ணைத் தேடியிருக்கிறார். எண் இல்லாததைத் தொட்டால் கேஸாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

இன்ஜினியரைக் கூப்பிட்டு மீதி வேலையை நிறுத்திவிட்டு, விழுந்து கிடந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தேன். அழுதேன். சாரலில் தெரியாது என்று ஒரு நினைப்பு. பொந்துக்குள் குஞ்சுகள் பசியில் சீறிக்கொண்டிருந்தன. அக்கா ஒரு மங்குஸ்தானை உடைத்து என் கையில் வைத்தார். "காப்பாத்தத்தான் எழுதுனீங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா வெட்ட வாரவன் ஒங்க மனசயா படிக்கான், நம்பரத்தான படிக்கான்."

இத்தனை வருஷத் தொழிலில் நான் காப்பாற்றியதாக உறுதியாகத் தெரிந்த மரம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் நான் எழுதியதை இன்னொருவர் அழித்ததால் நிற்கிறது.