ஆணித் தராசில் ஏறிய கேம் பெட்டி

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கிக் கடைவீதிக்கு ஏறுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் படிப்பது என் பெயரைத்தான். 'அழகுமுத்து ஹார்ட்வெயார்' என்று சிவப்பு எழுத்தில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழுந்து மூட்டை தூக்கினேன், லொறியில் கிளீனராகப் போனேன், கடைசியில் இந்தக் கடையைக் கட்டினேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாலும், கூரையில் தெரிகிற தகரம் என் கடை வழியாக ஏறியதாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. வேண்டுமானால் போய் அண்ணாந்து பாருங்கள்.

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது மீனம்மாவைப் பற்றி. அவள் கதையில் நான் இவ்வளவு வருவதற்குக் காரணம், கடைக்குப் பக்கத்து அறையின் சாவி என் இடுப்பில் இருந்ததுதான்.

மீனம்மா மேல் டிவிஷன் லயத்துக்காரி. என் மனைவி வழியில் எனக்கு மருமகள் முறை. அவள் புருஷன் வீரய்யா தோட்டத்து பேக்டரியில் வேலை. மகள் லோஜினிக்கு மூன்று வயதாக இருக்கும்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஒரு தடவை வந்து, மறுபடியும் போய், இரண்டாயிரத்து ஐந்தில் திரும்பி வந்தாள். குவைத்திலிருந்து வருகிற பெண்கள் கழுத்தில் சங்கிலியோடும் கையில் சென்ட் போத்தலோடும் வருவார்கள். இவள் கம்பளியில் சுற்றி, சிலேட்டுப் பலகை மாதிரி மெலிசாக, கறுப்பாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். டிவியில் மாட்டி விளையாடுகிற பிளே ஸ்டேஷனாம். அதிலும் புது மாடலாம்.

"ரெண்டு தடவ கடல் தாண்டிப் போயிட்டு, கரும்பலகை வாங்கிட்டு வந்திருக்கா பாருங்க மாமா" என்றான் வீரய்யா, என் கடைப் படியில் நின்றுகொண்டு.

"கரும்பலகைய ஒனக்கு வாங்கியிருக்கணும். அப்பவாவது ரெண்டு எழுத்து படிச்சிருப்ப" என்றாள் மீனம்மா.

அவள் வேலை பார்த்த வீட்டில் இரண்டு பையன்கள். இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டால், எதிரே ஆட ஆள் வேண்டுமென்று இவளைக் கூப்பிடுவார்களாம். ஒரு கையில் தூசி தட்டும் துணி, மறு கையில் கண்ட்ரோலர். உண்மையான பந்தை ஒரு நாளும் உதைத்திராதவள், அந்தப் பெட்டிக்குள் ஊர் ஊராகக் கோல் போடப் பழகிவிட்டாள். கோல் விழுந்தால் "யல்லா!" என்று கத்துவாள். அது ஒன்றுதான் அவள் கொண்டுவந்த அரபு.

கடைவீதி அவளைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் வந்து என்னிடம் கேட்டது சிரிக்கிற காரியமில்லை.

"மாமா, அந்தப் பக்கத்து அறைய எனக்குக் குடுங்க. கேம் கடை போடப் போறேன். கடை ஓடிச்சின்னா நான் குவைத்துக்குப் போகல. அறை கெடைக்கலன்னா மாசக் கடைசியில ஏஜென்சிக்காரன் கையில பாஸ்போட்டக் குடுத்துட்டுப் போறேன். மேடம் வரச்சொல்லி ஆள் மேல ஆள் விடுறாங்க."

"புள்ளைய விட்டுட்டா?"

"புள்ளையா?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். "அவ வீரய்யாவோட அக்காவத்தான் அம்மாங்கிறா. என்னைய 'குவைத் அம்மா'ங்கிறா. இன்னொரு தடவ போயிட்டு வந்தேன்னா 'வாங்க, ஒக்காருங்க'ம்பா."

சாவியைக் கொடுத்திருப்பேன். ஆனால் அதே வாரத்தில் கஜதீபன் மாஸ்டரும் அதே அறையைக் கேட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பகலில் வகுப்பு, மாலையில் கேம் என்பது அவர் திட்டம். ஒரே கடைவீதியில் இரண்டு கேம் கடை எதற்கு? எது நல்ல பெட்டியோ அதற்கு அறை என்று நான் சொன்னேன்.

மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "முதலாளி, ரெண்டையும் ஒப்பிடுறதெண்டால் ஹார்ட்வெயாரைத்தான் பாக்கவேணும். மற்றதெல்லாம் பிறகு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஹார்ட்வெயார் என்று சொல்லிவிட்ட பிறகு இந்தக் கடைவீதியில் வேறு யாரைப் போய்க் கேட்பது?

"முதலாளி, இது வேற ஹார்ட்வெயார்..." என்று அவர் இழுத்தார்.

"என்னங்க சேர் வேற? உள்ளுக்குத் தகரம் இருக்கா?"

"இருக்கு."

"ஸ்குரூ? வயரு?"

"அதுகளும் கிடக்கு."

"அப்ப என் கடைச் சாமான்தான். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் பெட்டியத் தூக்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டு இல்லை. தோட்டத்தில் வேலை இல்லாத சனம் பாதிப் பேர் என் கடை முன்னால் நின்றது. மாஸ்டர் கம்ப்யூட்டரை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தார். மீனம்மா மேல் டிவிஷனிலிருந்து மூடுபனிக்குள் நடந்து வந்தாள், பெட்டியைத் தலைக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு.

நான் முதலில் செய்ததைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆணி நிறுக்கும் தராசில் இரண்டையும் நிறுத்தேன். கம்ப்யூட்டர் பெட்டி ஏறியதும் தட்டு தரையில் இடித்தது. மீனம்மாவின் பெட்டிக்குத் தட்டு அசைந்ததாகவே தெரியவில்லை. முப்பது வருடமாக இரும்பு விற்கிறவன் நான். நல்ல சாமானில் கனம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"அப்ப என் இஸ்திரிப்பெட்டியையும் ஏத்துங்க மாமா. அது கரியோட சேத்து இன்னும் கனமா இருக்கும். அதுல கோல் போடலாம்" என்றாள் மீனம்மா. சனம் சிரித்தது. கனத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உள்ளே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மாஸ்டர் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். அவர் விளக்கிச் சொல்வதில் கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். இது மூளை, இது நினைவு, இது படத்துக்கென்றே தனியாக இருக்கும் கார்ட். எதையும் கழற்றலாம், வேறு மாட்டலாம்.

"மீனம்மா, உங்கட பெட்டிக்குள்ள முப்பத்திரண்டு எம்பிதான் நினைவு கிடக்கு. என்ரையில ஐந்நூற்றுப் பன்னிரண்டு. பதினாறு மடங்கு! உது எப்பிடி ஈடு குடுக்கும்?"

"சேர், தொரை பங்களாவுல எத்தன ரூமு?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"எனக்குத் தெரியும், கூட்டியிருக்கேன். அங்க ஒரு கரண்டியத் தேட சமையக்கார அப்புவுக்கு அரை மணி நேரம் வேணும். எங்க காம்பராவுல எட்டுப் பேரு. சமைக்கிறதும் அங்கதான், படுக்கிறதும் அங்கதான். கண்ண மூடிக்கிட்டுக் கைய நீட்டினா உப்புச் சட்டி வரும். இந்தப் பெட்டிக்கு வெளையாட்டச் செய்றவன் இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிதான் செய்றான். ஒங்க பெட்டி வீட்டுக்கு வீடு வேற மாதிரி. யாருக்குன்னு அளவெடுத்துத் தைக்கிறது?"

மாஸ்டர் யோசித்தார். "அது சரிதான்" என்றார். தன் பக்கம் தோற்கிற நேரத்திலும் சரியைச் சரி என்று சொல்கிற மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கடையில் சாமான் வாங்குகிற யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பிறகு இரண்டிலும் ஒரே உதைபந்தாட்டத்தைப் போடச் சொன்னேன். கம்ப்யூட்டர் எழும்பி, முகம் கழுவி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து வருவதற்குள் நான் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிட்டேன். ஆனால் படம் வந்தபோது வாயைப் பிளந்தேன். புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆட்டக்காரனின் முகத்தில் வேர்வைகூடத் தெரிந்தது. என் பழைய டிவியில் அப்படித் தெரியவே தெரியாது. மாஸ்டர் பக்கம் சனம் சாய்ந்தது.

மீனம்மா தன் பெட்டியைக் கடையில் இருந்த என் டிவியில் மாட்டினாள். ஒரு நொடியில் எழும்பியது. டிஸ்க்கைப் போட்டாள். உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று சிவப்பாக ஏதோ எழுதிக் காட்டியது. கழற்றித் துடைத்துப் போட்டாள். மறுபடியும் அதே சிவப்பு.

"கரும்பலகையில எழுத்து வந்திருச்சி" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். வீரய்யா மட்டும் சிரிக்கவில்லை. மனைவி பக்கத்தில் போய் நின்றான்.

நான் பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்குரூ தலைகூடக் கண்ணில் படவில்லை. ரப்பர் காலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறானாம். திறக்க முடியாத சாமானை நான் என்ன செய்வது? லோஜினி கூட்டத்துக்குள் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மீனம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தாள்.

மாஸ்டர் சும்மா நின்றிருந்தால் அறை அவருடையது. அவர் முன்னால் வந்து குனிந்தார்.

"உந்தப் பெட்டியைப் பனிக்குள்ளால கொண்டு வந்தனீங்களோ?"

"ஆமாங்க சேர். கம்பளியச் சுத்திக்கிட்டு வரல. வேகமா வந்திட்டேன்."

"அதுதான். குளிர்ந்த பெட்டி இந்தச் சனத்தின்ர சூட்டுக்குள்ள வந்தவுடனே, டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸில பனி பிடிச்சிட்டுது. என்ர சீடி டிரைவும் நானுஓயாவில ஒருநாள் இப்பிடித்தான் மானத்தை வாங்கினது. நிப்பாட்டிப்போட்டு மெல்லமாச் சூடாக விடுங்கோ. அடுப்புக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ."

மீனம்மா யாரிடமோ ஒரு கம்பளியை வாங்கி, பெட்டியைச் சுற்றி, என் சிமெந்து மூட்டை மேல் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி. லோஜினி மெதுவாகக் கிட்ட வந்து கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தது.

"இன்னும் குளிருது" என்றது.

"அப்ப நீயும் பக்கத்துல ஒக்காரு. ஒன் சூடும் சேரட்டும்."

அந்த நேரத்தில் மாஸ்டர், அந்த வருடத்து ஆட்டம் என்று ஒரு புது டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். அது ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. மாஸ்டரின் முகம் சுருங்கியது.

"என்னங்க சேர்?"

"இதுக்கு இன்னும் பெரிய கார்ட் வேணுமாம். வாற மாசம் கொழும்புக்குப் போய்..."

"போன மாசமும் கொழும்புக்குப் போனீங்களே?"

"அது மெமரிக்கு."

அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கியது. முப்பது வருடம் ஹார்ட்வெயாரில் இருந்தது வீண் போகவில்லை. கம்ப்யூட்டர் என்பது கட்டிக்கொண்டே இருக்கிற வீடு. இன்றைக்கு ஒரு சுவர், நாளைக்கு ஒரு ஜன்னல். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் என்றைக்கும் வாசலில் மணல் குவிந்தே கிடக்கும். மீனம்மாவின் பெட்டி கூரை போட்டு, கதவு மாட்டி, முடிந்துபோன வீடு. ஒரு செங்கல் கூட்ட முடியாது, சின்னதுதான், ஆனால் இன்றைக்கே குடிபோகலாம். கட்டிக்கொண்டே இருக்கிறவர் என் கடைக்கு நல்ல வாடிக்கைக்காரர். பக்கத்து அறையில் குடிவைக்க, முடிந்த வீடுதான் நல்லது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "சூடாயிருச்சி!" என்று லோஜினி கத்தியது. மீனம்மா பெட்டியை எடுத்து மாட்டினாள். டிஸ்க் சுற்றியது. சிவப்பு எழுத்து வரவில்லை, மைதானம் வந்தது. அவள் மாஸ்டர் கையில் ஒரு கண்ட்ரோலரைக் கொடுத்தாள். கணக்கு வாத்தியார் ஐந்து கோல் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் "யல்லா!" கடைவீதி முழுக்கக் கேட்டது.

சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து அவளிடம் கொடுத்தேன். மாஸ்டருக்கு வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு வாரம் என் கடைப் பக்கம் அவர் வரவில்லை. பிறகு தன் குவார்ட்டர்ஸின் முன்னறையில் கம்ப்யூட்டர் வகுப்பைத் தொடங்கினார். அது நன்றாகவே ஓடியது. மீனம்மாவின் பெட்டியில் கடிதம் அடிக்க முடியாது, கணக்குப் படிக்க முடியாது. அவளும் அதை ஒப்புக்கொள்வாள். வகுப்பு முடிந்த மாலைகளில் மாஸ்டர் நேரே இங்கே வந்து தோற்றுவிட்டுத்தான் போவார்.

மாசக் கடைசியில் ஏஜென்சிக்காரர் தேடி வந்தார். கழுத்தில் டை, கையில் பைல். அறை நிறைய ஆட்கள். மீனம்மா ஆட்டத்தை நிறுத்தவில்லை.

"மேடம் டிக்கட் போடத் தயாரா இருக்காங்க. சூட்கேஸ ரெடி பண்ணும்மா."

"சூட்கேஸா? அது அங்க இருக்கு பாருங்க."

டிவி நின்றது அந்தச் சூட்கேஸின் மேல்தான். விமான நிலையத்தில் ஒட்டிய தாள்கூட இன்னும் உரியவில்லை.

"எறக்கினா ஆட்டம் நின்னுரும். இந்தப் பசங்க ஒங்கள உசுரோட ஹட்டனுக்கு விடமாட்டாங்க" என்றாள்.

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் லோஜினி மூலையிலிருந்து மீனம்மாவைப் பார்த்துக் கத்தியது: "அம்மா! இவரு டிவிய மறைக்கிறாரு, தள்ளி நிக்கச் சொல்லு!"

மீனம்மாவின் கை ஒரு கணம் கண்ட்ரோலரில் அசையாமல் நின்றது. அந்தக் கணத்தில் கஜதீபன் மாஸ்டர் ஒரு கோல் போட்டுவிட்டார். அவர் வாழ்க்கையில் அவளுக்குப் போட்ட ஒரே கோல் அது. மனிதர் இன்றைக்கும் அதைத் தன் திறமை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இன்னொன்று. அந்தச் சூட்கேஸ் ஒரு பக்கம் சாய்ந்த தரையில் ஆடாமல் நிற்பதற்கு அடியில் நாலு ஆப்பு வைத்திருக்கிறது. நாலும் என் கடைச் சாமான். ஹார்ட்வெயார் என்றால் அது.