கேமராவுக்காகக் குடித்த தண்ணீர்

நாற்றுப்பண்ணையில் அவளை எல்லோரும் சிரிச்சமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பிக் கன்று ஊன்றுவது அவள் வேலை. இடுப்பு ஒடிந்தாலும் பல் தெரியத்தான் பேசுவாள். அந்தச் சிரிப்பே அவளுக்கு வினையாகும் என்று யார் கண்டார்கள்?

கடல் தாண்டி இருக்கும் முதலாளிகளின் கம்பெனி அது. பழைய காட்டை வழித்தெடுத்துவிட்டு, காகிதம் செய்வதற்கென்று ஒரே ஜாதி மரத்தை மலை முழுக்க வரிசையாக நட்டிருந்தது. ஒரு குருவிகூட அண்டாத காடு. களைக்கு மருந்தடித்தால் போதும், கீழே ஓடையில் அழுக்கு நுரை மிதந்து வரும். குடலைப் புரட்டும் வாடை. பெண்கள் மேட்டுக் கிணற்றுக்கு ஏறித்தான் குடம் சுமந்தார்கள். ஓடைத் தண்ணீர் சுத்தம் என்று கம்பெனி சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை முதலாளி நாட்டிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். அவர்கள் கண் முன்னால் ஊர்க்காரர் ஒருவர் ஓடைக்கரையில் நின்று, குடத்தில் மொண்ட ஓடைத் தண்ணீரைக் குடித்துக் காட்டவேண்டும். இந்தத் தடவை மேனேஜர் சிரிச்சமூஞ்சியைக் கூப்பிட்டார். கம்பெனி கேட்டில் காவல் நிற்கும் அவள் புருஷனுக்கு வேலை நிரந்தரமாகும் என்று நைசாக ஆசை காட்டினார். அவள் தயங்கியதும், குடத்தில் ஊற்றியிருப்பது கேன் தண்ணீர்தான் என்று காதருகே குனிந்து சொன்னார். அவருடைய சென்ட் வாசனை அவளுக்குக் குமட்டியது. சொல்லி முடித்ததும், அவள் மண்கை தன் சட்டையில் பட்டுவிட்டதோ என்று தட்டிவிட்டுக்கொண்டார்.

அவள் குடித்தாள், கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். மூடி திறக்காத பாட்டில்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விருந்தாளிகள் கை தட்டினார்கள். அவள் தண்ணீர் குடிக்கும் படம் ஆளுயரப் பேனராகக் கடைவீதியில் ஏறியது.

அடுத்த வாரம், வாயும் வயிறுமாக இருந்த நாத்தனாரைப் பார்க்கப் போனாள். அடுப்படியில் நிறைகுடம். இந்த உடம்போடு மேடு ஏறினாயா என்று கடிந்துகொண்டாள்.

"எதுக்கு அண்ணி ஏறணும்? இது ஓடைத் தண்ணிதான். நீங்களே குடிக்கிறீங்க, எனக்கென்ன வந்துச்சு? நம்ம தெருவே இப்ப அங்கதான் மொள்ளுது."

 சிரிச்சமூஞ்சி குடத்தைத் தூக்கி வாசலில் கவிழ்த்தாள்.

"என்ன அண்ணி, பேய் கீய் பிடிச்சிருக்கா?"

"நான் குடிச்சது கேன் தண்ணிம்மா."

நாத்தனாரின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "கம்பெனிக்காரன் சொன்னப்ப நான் நம்பலை அண்ணி. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் குடிச்சேன்."

நாத்தனார் கொல்லைப்புறம் ஓடித் தொண்டைக்குள் விரல் விட்டாள். சிரிச்சமூஞ்சி அவள் தலையைத் தாங்கிப் பிடித்தாள். வாந்தி கையெல்லாம் தெறித்தது. அதில் சிரிச்சமூஞ்சிக்குத் துளி அருவருப்பு இல்லை. இத்தனை வருஷம் சுமந்த தன் முகத்தைத்தான் பிய்த்து எறியவேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். தெருமுனையில் காலிக் குடங்களோடு பெண்கள் ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே கம்பெனி கேட். அங்கே தொப்பியும் விசிலுமாக அவள் புருஷன். வாயைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள் அவன் வேலை போய்விடும். தோளில் சாய்ந்திருந்த நாத்தனாருக்கு மூச்சு இரைத்தது. 

சிரிச்சமூஞ்சி நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் காதில் சொன்னதை, வேலைக்கு ஆசைப்பட்டதை, ஒன்று விடாமல் சொன்னாள். புருஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

யாரும் திட்டவில்லை. கைக்குழந்தையோடு நின்ற தையல்காரி மட்டும் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தக் கேன் தண்ணி எப்படி இருந்துச்சு? இனிப்பா இருந்துச்சா?"

"ஆமாக்கா," என்றாள் அவள். "இனிப்பாத்தான் இருந்துச்சு."

தையல்காரி தரையில் காறித் துப்பிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேட்டுக் கிணற்றைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே திரும்பினார்கள்.