ஒன்பதாம் எண் கேன்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கேன் இருக்கிறது. முப்பத்தைந்து லிட்டர் பிடிக்கும். அதன் வயிற்றில் வெள்ளைப் பெயின்டில் ஒன்பது என்று எழுதியிருக்கும். போன மாதம் அதன் அடியில் ஒரு கீறல் விழுந்தது. கோவில்பட்டியில் எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில், ஒழுகும் கேனை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். இரண்டு தடவையும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த ஒன்பது என் கையெழுத்து அல்ல, அத்தானுடையது.

அத்தான் என் அக்காவின் கணவர். முப்பத்தாறு வருடம் சிறிய தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார். ஆபீஸ் என்றால் எங்கள் ஊரில் தொழிற்சாலை. அந்த முப்பத்தாறு வருடமும் அவர் ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கியதில்லை என்பாள் அக்கா. தெருவில் யாராவது சத்தமாகப் பேசினால் எழுந்து உட்கார்ந்து காற்றை மோந்து பார்ப்பாராம். அறுபது வயதில் ஆபீஸைக் கைமாற்றிவிட்டு, வேம்பாரில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். கேட்டவர்களுக்கு எல்லாம் ஒரே பதில்தான். "இத்தனை வருசம் தீயோட இருந்தாச்சு. மிச்ச நாளைத் தண்ணியோட இருந்து பாப்போம்."

ஊர் விடுமா? டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே, "அண்ணாச்சி, கோயில்பட்டி துறைமுகத்துக்குக் கப்பல் எப்ப வருது?" என்பார்கள். "கம்மாயில தண்ணி வரட்டும், கொண்டாந்துருதேன்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். சிரித்துத்தான் சொல்வார். ஆனாலும் அந்தக் கேலி அவருக்கு உள்ளே தைத்திருந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் போய், ஒரு வேம்பார்ப் படகுக்காரரிடம் காற்றும் பாயும் சுக்கானும் படித்தார். பிறகு ஒரு பங்குனி மாதத்தில், வேம்பாரிலிருந்து கரையை ஒட்டியே பாம்பன் பாலம் தாண்டித் தொண்டி வரை போவது என்று முடிவானது. பதினோரு நாள் பயணம். அத்தான், அக்கா, கல்லூரி முடித்திருந்த அவர்கள் மகள், நான் என்று நாலு பேர்.

தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று அப்போது எனக்கு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே பல வேலை பார்த்தேன். ஆனால் இருபத்திரண்டு வருடம் விடாமல் செய்தது ஒன்றுதான். தினமும் காலையில் மழைமானியைத் திறந்து பார்த்துப் புத்தகத்தில் எழுதுவேன். சில வருடங்களில் ஒரு பக்கம் முழுக்கச் சுழியம்தான் இருக்கும். தண்ணீர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அளந்து பார்க்காமல் நம்ப என்னால் முடியாது.

படகில் சாமான் ஏற்றும் பொறுப்பை அத்தான் என்னிடம் விட்டார். "எட்டு கேன் தண்ணி போதும்" என்று படகுக்காரர் சொல்லியிருந்தார். "சாயந்தரமானா கரையிலதான் தங்கப் போறீய. ஊருக்கு ஊர் கிணறு கெடக்கு." எட்டு கேன்களுக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை எண் எழுதி, சொன்ன இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் மனம் கேட்கவில்லை. ஊருக்கு ஊர் கிணறு என்கிறாரே, அதில் எத்தனை உப்புக் கரிக்கும், எத்தனை வற்றியிருக்கும் என்று யார் பார்த்தது? குளத்தூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் நல்ல தண்ணீர் பிடித்து, இன்னும் பன்னிரண்டு கேன்களை லோடு ஆட்டோவில் கொண்டுவந்தேன். படகின் முன்பகுதியை அங்கே அணியம் என்பார்கள். அதற்கடியில் இருந்த பள்ளத்தில் பன்னிரண்டையும் அடுக்கி, மேலே படுக்கிற கோரைப்பாயையும் அரிசி மூட்டையையும் போட்டு மூடினேன். அவற்றுக்கு எண் எழுதவில்லை. புறப்பட்ட காலையில் படகுக்காரர் தன் மகளைப் பார்க்கத் தூத்துக்குடி போயிருந்தார். இருந்திருந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார்.

முதல் நாளே படகு முரண்டு பிடித்தது. பின்னாலிருந்து நல்ல காற்று. பாய் புடைத்து நிற்கிறது. படகோ மூக்கைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகவே திரும்புகிறது. அதை நேராக்கச் சுக்கானை இழுத்து இழுத்து அத்தானின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மூக்கையூர் போய்ச் சேருவதற்குள் வலது கையில் நாலு, இடது கையில் மூன்று. மறுநாள் அதற்குமேல். அக்கா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். வாலிநோக்கத்தில் ஒரு மீனவர் கரையில் நின்றபடியே பார்த்துவிட்டு, "அண்ணாச்சி படகு ஓட்டுதாவளா, ஏரு உழுதாவளா?" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலை மணலில் உட்கார்ந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "படகு எம் பேச்சைக் கேக்க மாட்டேங்குது மாப்ள. எனக்கு இது வராது போல. கீழக்கரை வரைக்கும் எப்படியாவது போயிருவோம். அங்கன இறங்கி பஸ்ஸைப் பிடிச்சிருவோம். படகை யாருக்காவது கொடுத்திருதேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் முன்பாரமாக இருப்பதுதான் காரணமோ என்ற சந்தேகம் எனக்கு அன்று காலையிலேயே வந்துவிட்டது. ஆனால் சொன்னால் கொட்டச் சொல்வார்களே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பன்னிரண்டு முப்பத்தைந்து நானூற்று இருபது லிட்டர். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாள் என்று மனம் வகுத்துக்கொண்டே இருந்தது. அவர் கைக் கொப்பளங்களையும் எண்ணினேன், வாயைத் திறக்காமல்.

மறுநாள் காலை, வாலிநோக்கத்தைத் தாண்டியதும், படகின் மூக்கு மணல் திட்டில் போய்க் குத்தி நின்றது. தண்ணீர் இடுப்பளவுதான். பயமில்லை என்று முதலில் நினைத்தோம். அக்காள் மகள்தான் கைகாட்டினாள். சற்றுத் தள்ளிப் பாறை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. மதியக் காற்று ஏறினால் படகைத் தூக்கி அதில் அடித்துவிடும். கடல் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஏற்றத்தில் படகு மிதக்காவிட்டால் அவ்வளவுதான். அத்தான் இறங்கித் தள்ளினார். நாங்களும் தள்ளினோம். அசையவில்லை. அவர் படகின் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "உங்களையெல்லாம் கொண்டாந்து இப்படி நிறுத்திட்டேனே" என்றார்.

"அத்தான், அணியத்துல பன்னிரண்டு கேன் தண்ணி இருக்கு" என்றேன்.

"எத்தனை?"

"பன்னிரண்டு. எட்டு போக."

திட்டுவார் என்று நின்றேன். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். "அப்ப படகு நல்ல படகுதான்" என்றார். பலகையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நானும் சரியாத்தான் ஓட்டியிருக்கேன்" என்றார். மூன்று நாளாக இல்லாத முகம் அவருக்குத் திரும்பி வந்தது.

பன்னிரண்டையும் மேலே தூக்கிவிட்டோம். பின்னால் தள்ளிவைக்க இடமில்லை, பாரம் குறையக் கொட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கு யாருக்கும் கை வரவில்லை. அத்தானே ஒரு கேனின் மூடியைத் திருகிவிட்டுச் சாய்க்காமல் நின்றார். அக்கா சொன்னாள்: "நல்ல தண்ணியக் கடல்ல ஊத்துன பாவம் நமக்கு வேண்டாம். தலையில ஊத்துனா அது குளிப்பு. பெறகு அது எங்க போனா நமக்கென்ன? ஏலே தம்பி, நீ மொத ஆளா வந்து உக்காரு. கொண்டாந்தவன் நீதானல."

முழுக் கேன் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள். மூச்சு முட்டியது. என் வாழ்நாளில் ஒரு வாளிக்கு மேல் நான் குளித்ததே இல்லை. "மாமா, எத்தனை மில்லிமீட்டர்னு எழுதிக்கோங்க" என்றாள் அக்காள் மகள். ஆளுக்கு இரண்டு கேன் என்று குளித்தோம். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, கொப்பளித்த கைகளை நல்ல தண்ணீருக்குக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். மீதி நாலில் மூன்றை அக்கா பாயின் மேலும் படகின் பலகைகள் மேலும் ஊற்றிக் கழுவினாள். படகுக்குள் தேங்கிய குளித்த தண்ணீரை நான் வாளியால் வெளியே இறைத்தேன். கடைசிக் கேனின் மேல் அக்கா ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இது போவாது" என்றாள். கடல் ஏறியது. அத்தானும் மகளும் இறங்கித் தோள் கொடுத்தார்கள். மணல் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது.

அதன் பிறகு அந்தப் படகு அவர் இரண்டு விரலுக்குக் கட்டுப்பட்டது. ஏர்வாடிக்கரையில் ஒதுங்கியபோது, படகுக்குத் தொட்டுவிட வைத்திருந்த பெயின்ட் டப்பாவைத் திறந்து, அக்கா காப்பாற்றிய கேனில் கோணலாக ஒன்பது என்று எழுதினார். "இனிமே கணக்கு ஒம்பது. சரியா மாப்ள?" என்றார். கீழக்கரையில் யாரும் இறங்கவில்லை. பதினோராம் நாள் தொண்டியில் இறங்கினோம். வழியில் இருபத்தாறு கிணறு பார்த்தேன். நாலுதான் உப்பு.

ஊருக்கு வந்து மணல் திட்டைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார். தண்ணீர் கேன்களைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாலு பயணம் போனார். நாலிலும் சாமான் ஏற்றுகிற வேலையை என்னிடமே கொடுத்தார். ஒருமுறைகூட அணியத்தைத் திறந்து பார்க்கவில்லை. நானும் ஒன்பதைத் தாண்டவில்லை.

அத்தான் போய் ஆறு வருடம் ஆகிறது. எட்டு கேன்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒன்பதை இப்போது மாடியில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு மேல் ஒரு முக்காலியில் வைத்திருக்கிறேன். குழாய் வரும் நாளில் முதலில் நிரப்புவது அதைத்தான். நிமிடத்துக்குப் பதினான்கு சொட்டு விழுகிறது. கீறலை அடைக்கப் பசை வாங்கி அலமாரியில் வைத்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் அடைக்கவில்லை.