ரே கௌகில் மாற்றிய பக்கம்

வின்ஸ் கிரிம்ஷாவின் வயிற்றெரிச்சலுக்குப் பதினெட்டு வயது. ஸ்கெல்பெக் டவுன் கால்பந்து அணி லீக்கில் நிற்குமா விழுமா என்று தொங்கிக்கொண்டிருந்த கடைசி ஆட்டத்தில், கேப்டன் ரே கௌகில் டாஸ் ஜெயித்தான். ஜெயித்த கையோடு பக்கத்தை மாற்றினான். டிரா செய்தாலே போதும் என்ற ஆட்டம் அது. ஒரு கோலில் தோற்றார்கள். தாத்தா காலத்திலிருந்து லீக்கில் இருந்த கிளப்புக்கு அன்று சாயங்காலம் லீக்கில் இடமில்லை.

ஸ்கெல்பெக்கில் இரண்டாம் பாதியை ரயிலடிப் பக்கம் பார்த்துத்தான் ஆட வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் கல்யாணத்தில் மோதிரம் எந்தக் கை என்று யாரும் கேட்பதில்லையே, அதுபோல. ரயிலடிப் பக்கம் உள்ளூர்க் கூட்டம் நிற்கிற இடம். கடைசி அரைமணியில் அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுத்தால் பந்தும் சேர்ந்து வலைக்குள் வரும் என்பது ஊர் நம்பிக்கை. வெளியூர்க் கேப்டன் டாஸ் ஜெயித்தால் வேண்டுமென்றே பக்கத்தை மாற்றுவான். அவன் எதிரி, அவன் வேலை அது. சொந்தக் கேப்டன் மாற்றினால் அதை எந்தக் கணக்கில் வைப்பது?

வேறு யாராவது மாற்றியிருந்தால்கூட வின்ஸுக்கு இவ்வளவு வலித்திருக்காது. ரே கௌகிலை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ரே பதினாறு வயதில் நகரத்துப் பெரிய கிளப் ஒன்றில் சேர்ந்தவன். இரண்டு வருஷம் பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைத்தான், கேலரியைப் பெருக்கினான். ஒருநாள் மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டு, வேகம் போதாது என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வயதில் அப்படி வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் அதோடு பந்தைத் தொடுவதில்லை. ரே பூட்ஸை ஒரு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஸ்கெல்பெக்குக்கு வந்தான். இங்கே இடது பின்வரிசையில் ஆளில்லை. ரேயின் இடது கால் பஸ்ஸில் ஏற மட்டும்தான் உதவும். ஆனாலும் போட்டார்கள், அவனும் நின்றான்.

பதினான்கு வருஷம் நின்றான். நடுவில் ஒன்றரை வருஷம் கடற்கரை ஊர்க் கிளப் ஒன்று வாங்கிக்கொண்டு போய் ஓரத்து பெஞ்சில் உட்கார வைத்தது. திரும்பி வந்த அன்று, "பெஞ்ச் நல்ல பெஞ்ச், மெத்தை போட்டது" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் அடித்த கோல் நாலு. அதில் ஒன்று சொந்த வலையில். யாராவது மூன்று என்று சொன்னால் அவனே திருத்துவான். ஜனவரிச் சேற்றில் எதிராளி சறுக்கிக்கொண்டு வரும்போது முதலில் காலை நீட்டுகிறவன் அவன். ஒரு வருஷம் பனி கொட்டி ஆட்டம் நிற்கப் போகிறது என்றதும் மண்வெட்டியோடு வந்த ஆட்டக்காரனும் அவன் ஒருவன்தான். அன்று பக்கத்தில் நின்று பனி அள்ளியவர்களில் வின்ஸும் உண்டு. இருவருக்கும் அப்போது இருபது சொச்சம் வயது. "மண்வெட்டியைப் பிடிக்கிற மாதிரி பந்தைப் பிடிச்சா நீ உள்ள ஆடலாம்" என்று ரே சொன்னதை வின்ஸ் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு அதைச் சொல்வதை விட்டுவிட்டான்.

பக்கம் மாறியதால் இரண்டாம் பாதியில் ரயிலடிப் பக்கம் நின்றது ஸ்கெல்பெக்கின் கோல்கீப்பர் டாரன் லம்ப். இருபத்தொரு வயது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தபோது, பாட்டி உருட்டிவிட்டதுபோல ஒரு பந்து வந்தது. டாரன் குனிந்தான், பந்து கை வழியாக, கால் வழியாகப் போய்விட்டது. உள்ளூர்க் கூட்டத்தின் மூக்குக்கு நேராக. வீட்டுக்குப் போகும் வழியில் எல்லோர் வாயிலும் டாரன் பெயர்தான் வந்திருக்கும். ஆனால் உள்ளூர் ரேடியோவில் ரேயின் குரல் வந்தது.

"டாஸ் நான்தான் ஜெயிச்சேன். பக்கத்த மாத்தினதும் நான்தான். காத்து நமக்கு ஒத்து வரும்னு நெனச்சேன், தப்பாப் போச்சு. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

திட்டினார்கள். ரயிலடிப் பக்கத்தில் வின்ஸின் தொண்டைதான் பெரிய தொண்டை. பாட்டை அவன் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் பிடிப்பார்கள். ரேயைப் பற்றிய பாட்டையும் அவன்தான் ஆரம்பித்தான். அதன் வரிகளை இங்கே எழுத முடியாது.

ரே ஊரை விட்டுப் போகவில்லை. சின்னச் சின்ன கிளப்புகளில் இரண்டு வருஷம் ஆடினான், முட்டி விட்டுப்போனதும் பிரெட் வண்டி ஓட்டினான். மைதானத்துக்கு மூன்று தெரு தள்ளி வீடு. ஆனால் உள்ளே காலை வைக்கவில்லை. மருந்துக் கடை வரிசையில் வின்ஸைப் பார்த்தால் தலையசைப்பான். வின்ஸ் ஷாம்பூ பாட்டிலைப் படிப்பான். அவனுக்குத் தலையில் முடியே கிடையாது.

போன பிப்ரவரியில் அடித்த காற்றில் ஊரில் பாதிக் கூரைகள் பல்லிளித்தன. வின்ஸுக்குக் கூரை வேலை. ஒரு பெண் போன் செய்தாள்.

"கௌகில் வீட்லருந்து கிளெனிஸ் பேசுறேன். படுக்கை மேல ஒழுகுது. வருவீங்களா, இல்ல இன்னும் டாஸ் கோவமா?"

"மழை ஆள் பாத்தா ஒழுகுது? வரேன்."

கிளெனிஸ் முன்பு மைதானத்தில் மீட் பை, அதாவது மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட பண்டம், விற்றவள். ரே அவளைக் கல்யாணம் செய்தது அந்த மீட் பைக்காகத்தான் என்று ஊரில் சொல்வார்கள். வின்ஸ் மேலே ஏறி உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டு இறங்கினான். ரே சமையலறை நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தான். நுரையீரலில் வியாதி. அகலமான ஆள், இப்போது அந்தச் சட்டைக்குள் இன்னொருவனுக்கும் இடமிருந்தது.

"மேலருந்து கிரவுண்டு தெரியுதா?" என்றான் ரே.

"பாதி தெரியுது."

"எந்தப் பாதி?"

"நீ டாஸ் ஜெயிச்சு நம்ம அணிய அனுப்பி வச்ச பாதி."

கிளெனிஸ் டீக் கோப்பையை மேஜையில் வைத்த வேகத்தில் பாதி டீ தட்டுக்குப் போனது.

"இந்த மனுஷனா அனுப்பி வச்சது? வாழ்க்கைல ஒரு டாஸ் ஜெயிச்சதில்ல. சர்ச் குலுக்கல்ல ஒரு ஜாம் பாட்டில்கூட விழுந்ததில்ல."

"கிளெனிஸ்."

"என்ன கிளெனிஸ்? பதினெட்டு வருஷமா கிளெனிஸ் வாய மூடிக்கிட்டுதான் இருந்தா. டாஸ் ஜெயிச்சது அந்த வெளியூர்க்காரன். மாத்தினதும் அவன்தான்."

வின்ஸ் ரேயைப் பார்த்தான். ரே ஜன்னலைப் பார்த்தான்.

"அப்ப ரேடியோல எதுக்குய்யா அப்படிச் சொன்ன?"

ரே மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "மைக்கை நீட்டினவன் கேட்ட மொதக் கேள்வியே டாரனப் பத்தித்தான். அவன் உள்ள டவலத் தலைல போட்டுக்கிட்டு வாந்தி எடுத்துட்டிருந்தான். உங்களுக்கு மெல்லறதுக்கு ஏதாவது வேணும். அவன் எலும்பும் தோலுமா இருந்தான், எங்கிட்ட சதை ஜாஸ்தி. வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

"மத்த ஆட்டக்காரங்க ஒருத்தனும் சொல்லலையே?"

"வாயத் தொறந்தா பல்லு இருக்காதுன்னு சொல்லி வச்சேன். அப்புறம் ஒப்பந்தம் முடிஞ்சு ஆளுக்கொரு ஊருக்குப் போயிட்டானுங்க. டாரன் மட்டும் சுத்திட்டுத் திரும்பி வந்து, இப்ப இங்கயே கீப்பர்களுக்குப் பயிற்சி குடுக்கறான். நீ யார்கிட்டயும் மூச்சு விடப்படாது."

வின்ஸ் ஆறிப்போன டீயைக் குடித்தான். வாசலில் கிளெனிஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டாக்டர் அடுத்த சீசனப் பத்திப் பேச மாட்டேங்கறாரு. இந்த மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசைதான். ரயிலடிப் பக்கம் நின்னு ஒரு ஆட்டம் பாக்கணும். ஆடின காலத்துல அத புல்லுலருந்துதானே பாத்தது. ஆனா உங்க ஊளைய நெனச்சா கால் நகர மாட்டேங்குது."

அடுத்த சனிக்கிழமை வின்ஸ் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். ரே அதில் ஏறிக்கொண்டான். மைதானத்துச் சுழல்கதவின் கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான். படிகளில் பாதி ஏறி மூச்சுக்காக நின்றான். பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைத் தட்டினார்கள். ஒவ்வொரு வரிசையாகப் பேச்சு நின்றது. வின்ஸ் முஷ்டியை மடக்கி வைத்திருந்தான். யார் முதலில் ஊளையிட்டாலும் அவனுக்கு ஒன்று விழும், அது சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி.

மேல் படியிலிருந்து கிழவன் ஹெட்லியின் குரல் வந்தது. ரிட்டயரான தபால்காரன், வாய் மட்டும் ரிட்டயராகவில்லை.

"யோவ் கௌகில். நாங்க எந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்? நீயே சொல்லிரு."

ரே தலையைத் தூக்கினான். "அப்படியே நில்லுங்கடா. உங்க மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பினா அங்க ஓடற ஆத்துல மீன் செத்துரும்."

சிரிப்பு கூரைத் தகரத்தில் மோதியது. ஹெட்லிதான் அதிகம் சிரித்தான். யாரோ ஒருவன் நகர்ந்து, சாய்ந்துகொள்ள வசதியான கம்பிக்கு முன்னால் இடம் விட்டான். இன்னொருவன் ஒரு மீட் பையைக் கையில் திணித்தான். அந்த ஊரில் சமாதானம் என்றால் இவ்வளவுதான், இதற்கு மேல் யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் எல்லோருக்கும் கூச்சமாகிப் போயிருக்கும்.

இரண்டாம் பாதியில் அணி அவர்களைப் பார்த்து வந்தது. பந்து மூலைக்குப் போனபோதெல்லாம் ரே கம்பியை இறுக்கிப் பிடித்து மூச்சை உள்ளே இழுத்தான். இருக்கிற நுரையீரலில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கோல் விழவில்லை.

திரும்பும்போது வேனில் சொன்னான். "சனிக்கிழமைக்கு சனிக்கிழமை வெளிய போய் விளையாடுன்னு அனுப்பி, அதுக்கு சம்பளமும் குடுத்தாங்க, வின்ஸ். மழைல நீங்க காசு குடுத்து நின்னீங்க. எனக்கு எங்க கொறை வந்துச்சு சொல்லு."

வசவு என்றால் வின்ஸுக்கு அருவியாகக் கொட்டும். நன்றிக்கு ஒரு வார்த்தையும் சிக்கவில்லை.

"உன் கூரைல இன்னும் ரெண்டு ஓடு ஆடுது. புதன்கிழமை வரேன்" என்றான். புதன்கிழமை போய், ஆடாத ஓடுகளையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தான்.

மார்ச் முழுக்க ரே வந்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யாராவது எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், ரே ஒரு பதில் சொல்வான், கூட்டம் சிரிக்கும். கோல் வலைக்கு முன்னால் கீப்பருக்குப் பந்து உதைத்துக்கொண்டிருந்த டாரன் லம்ப்புக்கு அந்தச் சிரிப்பு கேட்கும். அவன் மட்டும் சிரிப்பதில்லை.

ஏப்ரலில் ரேயைக் குன்றின் மேலிருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து கிளப் பாரில் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தபோது, டாரன் ஒரு நாற்காலியில் ஏறி நின்றான். நாற்பதை நெருங்கும் ஆள், குரல் உடைந்தது.

"டாஸ்ல ரே ஜெயிக்கல. பந்த விட்டது நான். அந்த ஆளு என்னை மறைச்சு நின்னாரு. இதுக்கு மேல என்னால அந்த ஜோக்கக் கேக்க முடியாது."

ஹெட்லி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

ஆனால் ஒரு ஊர் பதினெட்டு வருஷம் வளர்த்த கோபம் ஒரே ராத்திரியில் செத்துவிடுமா? உட்கார வேறு திண்டு தேடியது. அடுத்த ஆட்டத்தில் டாரன் கீப்பரோடு ரயிலடிப் பக்கம் வந்ததும் கேலிச் சீழ்க்கை கிளம்பியது. "கையில எண்ணெயா தடவிருக்க?" என்று ஒருவன் கத்தினான். வின்ஸ் சீழ்க்கை அடிக்கவில்லை. ஆனால் யாரையும் அடக்கவும் இல்லை. அன்று பாட்டே ஆரம்பிக்காமல் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரேக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ஹெட்லி போன் போட்டு அழுதான். மன்னிப்பாம்" என்றான் ரே. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு போய் வந்தது. "எனக்கு எதுக்குடா மன்னிப்பு, டாரன என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். போன வச்சுட்டான்."

வின்ஸ் தரையைப் பார்த்தான்.

"நீ என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

"அதத்தான் கேக்கறேன்."

நர்ஸ் வந்து தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். ரே கண்ணை மூடியிருந்தான், தூங்கிவிட்டான் என்று நினைத்து வின்ஸ் கோட்டை எடுத்தான்.

"நான் பட்டதுல எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல" என்றான் ரே, கண்ணைத் திறக்காமலே. "எம்மேல கோவப்பட்டீங்க, கடைசில இடம் விட்டு மீட் பையும் குடுத்தீங்க. அவன் இப்பத்தான் ஆரம்பிக்கறான். அவனுக்கு பதினெட்டு வருஷம் ஆகக் கூடாது."

"ஒருத்தன் ஒருத்தனாப் பேசிப் பாக்கறேன்."

"பேசாத. நீ பேசினா சண்டதான் வரும்." ரே கையை நீட்டி வின்ஸின் சட்டைக் கையைப் பிடித்தான். அந்தப் பிடியில் பலமே இல்லை. "சனிக்கிழமை அவன் கீப்பரோட வெளிய வருவான். யாரும் வாயத் தொறக்கறதுக்கு முன்னால நீ கை தட்டு. நல்லா ஓங்கித் தட்டு. நீ ஆரம்பிச்சா மத்தவனுங்க தன்னால தட்டுவானுங்க."